‘ஓப்பன்’ என்ற சொல்லுக்கு நான்கு வரிகள்

2022 நவம்பர் 16, புதன்கிழமை, காலை மணி பதினொன்று இருபது. ராணிப்பேட்டையில் தூறல். குடை பிடிக்கும் அளவுக்கு மழை இல்லை. பிடிக்காவிட்டால் மூக்குக்கண்ணாடி மங்கும். தோல் பதனிடும் ஒரு டேனரியின் பின்புறம், கழிவுநீர்த் தொட்டிகள் இருக்கும் முற்றத்தில், ஐந்து பேர் நின்றிருந்தோம். எதிரே சுவரில் ஒரு கணினித் திரை. அதன் கீழே இரண்டு இரும்புக் குழாய்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வால்வு, வால்வின் தலையில் ஒரு சக்கரம்.

பெருமாள் என்ற தொழிலாளி திரையைப் பார்த்தார். இடப்பக்கக் கட்டம் சிவப்பாக மின்னியது. அதில் தமிழில் ஒரே ஒரு சொல். உதடு அசையப் படித்தார். தோள் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு இடப்பக்கச் சக்கரத்தைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தார்.

எதைப் பார்த்தாலும் எண்ணுவது என் வியாதி. கையிலிருந்த காகிதத்தில் சுற்றுக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தேன். ஏழு சுற்றில் சக்கரம் நின்றது. ஏழாவது கோட்டைப் போட்ட பிறகுதான் உறைத்தது. அவர் மூட வேண்டிய வால்வை முழுக்கத் திறந்துவிட்டார்.

திரையில் இருந்த சொல் ‘திற’. அந்தச் சொல்லை அங்கே கொண்டுவந்து வைத்தவன் நான்.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. நான் ஓய்வு பெற்று ஓராண்டாகிறது. ஆம்பூரில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் ரேஷ்மா போன மாதம் கூப்பிட்டார். அந்த நாற்காலியின் இடது கை ஆடும். எட்டு முறை எழுதிக் கொடுத்தும் யாரும் சரி செய்யவில்லை. முதலில் அதைத்தான் கேட்டேன். “இன்னும் ஆடுது சார்” என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

“சார், புது டூல் போட்டிருக்காங்க. ராணிப்பேட்டை நூத்தி அறுபத்தி மூணு பக்கத்தையும் நாலு நிமிஷத்துல முடிச்சிடுது. அது ‘ஓப்பன்’ங்கிற ஒரே வார்த்தை நாலு வரியில இருக்குது, டூப்ளிகேட்டுன்னு காட்டுது. மூணை எடுத்துடவா?”

“எடுக்காதீங்க.”

“ஏன் சார்?”

“எழுதி அனுப்புறேன்.”

அவர் இரண்டு வரி எதிர்பார்த்திருப்பார். இரண்டு வரியில் அடங்காது.

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். இருபத்து நான்கு ஆண்டுகள் நான் ஷூ கம்பெனியில் பேக்கிங் பகுதிக் கணக்கன். ஒரு பெட்டிக்குப் பன்னிரண்டு ஜோடி. பதினொன்றரை ஜோடி இருந்தால் கப்பல் ஏறும் முன் கண்டுபிடிக்க வேண்டியவன். நாற்பத்தொன்பதாம் வயதில் கம்பெனி பாதி மூடியது. ஆம்பூர் பைபாஸ் பக்கம் மாடியில் இருந்த ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்தில், எண்ணத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். கணினி கற்க மூன்று மாதம், பயம் போக ஒன்பது மாதம். அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

அந்த அலுவலகம் டேனரிகளுக்கும் ஷூ கம்பெனிகளுக்கும் கணினிப் பக்கங்கள் செய்துகொடுத்தது. வருகைப் பதிவு, தோல் இருப்பு, தோலைச் சுழற்றும் டிரம் ஓடும் நேரம், கழிவுநீர்த் தொட்டிகள், எல்லாம் திரையில். பக்கங்கள் முதலில் ஆங்கிலத்தில் பிறக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு அச்சு உண்டு. அதில் கட்டம் எங்கே, நிறம் எது, எழுத்து எங்கே என்று கட்டளைகளும் சொற்களும் கலந்து கிடக்கும். அரிசியும் கல்லும் கலந்த மாதிரி. கட்டளையைத் தொடாமல், மனிதர் படிக்கும் சொற்களை மட்டும் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியிட வேண்டும். குறியிட்டால் ஒரு நிரல் எல்லா அச்சுகளையும் மேய்ந்து, அந்தச் சொற்களை ஒரு பட்டியலாகக் கொட்டும். மொழிபெயர்ப்பவர் எதிரே தமிழை எழுதுவார். தமிழ் திரும்பப் பக்கத்தில் போய் உட்காரும். பொறுக்குவதுதான் என் வேலை.

என் முறை இது. முதலில் பக்கத்தைத் திரையில் திறந்து, மனிதர் கண்ணுக்குத் தெரியும் சொற்றொடர்களை எண்ணிக் காகிதத்தில் ஐந்தைந்து கோடாகப் போடுவேன். ஸ்கேலைத் திரைமேல் வைத்து வரி வரியாகக் கீழிறங்குவேன். அதற்காக என்னைப் பார்த்துச் சிரிக்காதவர் அந்த அலுவலகத்தில் இல்லை. பிறகு அச்சைத் திறந்து குறியிடுவேன். பிறகு நிரலை ஓட்டி, அது சொல்லும் எண்ணையும் என் கோடுகளையும் ஒப்பிடுவேன். குறைந்தால் எங்கோ ஒளிந்திருக்கிறது என்று பொருள். படத்தின் மேல் சுட்டியை வைத்தால் எட்டிப்பார்க்கும் சொல், காலிக் கட்டத்துக்குள் வெளிறிக் கிடக்கும் சொல், தவறு நேர்ந்தால் மட்டும் தலைகாட்டும் சொல், இவைதான் ஒளியும். இரண்டு எண்ணும் ஒத்துப்போகாமல் நான் எழுந்ததில்லை. மதியச் சோறு ஆறிப்போன நாட்களை எண்ணவில்லை. எண்ணியிருந்தால் வயிற்றெரிச்சல் கூடியிருக்கும்.

வாக்கியத்தை உடைக்கக் கூடாது என்பது இன்னொரு பாடம். ஆங்கிலக்காரர் ‘டிரம்’ என்று ஒரு துண்டு, நடுவே எண், ‘நின்றது, காரணம்’ என்று ஒரு துண்டு, பிறகு காரணம் என்று ஒட்டுப் போட்டு வைப்பார். அவர் மொழிக்கு அது சரி. நமக்கு வினை கடைசியில்தான் வரும். துண்டு துண்டாக மொழிபெயர்த்தால் தமிழ் தலைகீழாகத் தொங்கும். அதனால் முழு வாக்கியத்தையும் ஒரே வரியாகச் சேர்த்த பிறகே குறியிடுவேன்.

எனக்கு மேலே இருந்தவர் இம்தியாஸ் சார். வாணியம்பாடிக்காரர், என்னைவிடப் பதினாறு வயது இளையவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சட்டைப்பையில் ஏலக்காய் இருக்கும். யோசிக்கும்போது ஒன்றை எடுத்து உரிப்பார். எந்த அறிக்கை கொடுத்தாலும் கடைசி வரியை மட்டும் படிப்பார். அதையும் படிக்க நேரமில்லாவிட்டால் நிமிர்ந்து பார்த்து, “நம்பர்?” என்பார். எண்ணைச் சொல்லிவிட்டால் போதும். மகிழ்ச்சியாக இருந்தால் என்னை ‘அண்ணே’ என்பார். சாதாரணமாக ‘ஏழுமலை’. கோபம் வந்தால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, ‘ஏழுமலை சார்’ என்பார். அந்த ‘சார்’ பதினோரு ஆண்டில் நான்கு முறை விழுந்தது.

முதல் ‘சார்’ ஒரு தோல் இருப்புப் பக்கத்தால் வந்தது. அதில் மேலே ஒரு பொத்தான், பட்டியலை மறைப்பதற்கு, ஆங்கிலத்தில் ‘ஹைட்’. கீழே அட்டவணையில் ஒரு தலைப்பு, மாட்டுத் தோல், அதுவும் ‘ஹைட்’. எழுத்துக்கு எழுத்து ஒன்றே. நிரலுக்கு இரண்டும் ஒரே சொல்தான்; சேர்த்து ஒரே வரியாகப் பட்டியலில் போட்டது. மொழிபெயர்ப்பவர் டேனரி வேலைதானே என்று ‘மாட்டுத்தோல்’ என்று எழுதினார். பக்கம் பேரணாம்பட்டு டேனரி ஒன்றுக்குப் போனது. மறுநாள் அங்கிருந்து ஒருவர் போன் செய்தார்: “சார், லிஸ்டை மூடலாம்னு பார்த்தா ‘மாட்டுத்தோல்’னு பட்டன் இருக்குது. அழுத்தினா இருக்கற தோலும் காணாமப் போய்டுது. இன்னா சார் இது, மேஜிக்கா?”

அலுவலகமே சிரித்தது. இம்தியாஸ் சார் கடிகாரத்தைக் கழற்றினார். அதன் பிறகு ஒவ்வொரு சொல்லோடும் ஒரு சூழல் குறிப்பு சேர்க்க ஆரம்பித்தேன். ‘ஹைட், பொத்தான்’, ‘ஹைட், சரக்கு’ என்று குறிப்பு வேறாக இருந்தால் நிரல் இரண்டையும் தனித்தனி வரியாக வைக்கும். ஷூ கம்பெனியில் ‘லாஸ்ட்’ என்றால் செருப்பு வடிவக் கட்டை. பக்கத்தின் அடியில் ‘லாஸ்ட்’ என்றால் கடைசி. ‘ஃபினிஷ்’ என்றால் தோலின் மெருகு; பொத்தானில் என்றால் வேலையை முடி. எல்லாவற்றுக்கும் குறிப்பு. பட்டியல் நீண்டது. நீண்டாலும் யாரும் சிரிக்கவில்லை.

2022 ஜூலையில் ராணிப்பேட்டை வேலை வந்தது. நூற்று அறுபத்து மூன்று பக்கங்கள். என் பட்டியல் 2,316 வரிகளில் நின்றது. தமிழாக்கம் செய்பவர் குடியாத்தத்தில் இருந்த தேன்மொழி. தமிழ் இலக்கியம் படித்தவர், வீட்டிலிருந்தே செய்வார். வரிக்கு எட்டு ரூபாய்.

இம்தியாஸ் சார் கடைசி வரியைப் படித்தார். ஏலக்காய் எடுக்கவில்லை. “ஜாஸ்தியா இருக்கே. ஒரே வார்த்தையே பல வாட்டி வருதுல்ல? கம்மி பண்ணுங்க.”

செய்தேன். ஒருவர் கேட்டதற்காகச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். எண்ணைக் குறைப்பதில் எனக்கே ஒரு ருசி இருந்தது. தோல் தொழிலின் சொற்கள் பதினான்கைத் தனியே எடுத்து வைத்தேன். ஹைட், லாஸ்ட், ஃபினிஷ் போன்றவை. அவற்றின் குறிப்பைத் தொடவில்லை. சூடு கண்டவன் அல்லவா. மீதிச் சாதாரணச் சொற்களின் சூழல் குறிப்புகளை நீக்கினேன். ஓப்பன், எம்ப்டி, கிளியர், லாக். இவற்றில் யார் குழம்பப்போகிறார்கள் என்று நினைத்தேன். தோல் வார்த்தைகளைக் கண்டு பயந்த நான், எல்லா ஊரிலும் புழங்கும் வார்த்தைகளைக் கண்டு பயப்படவில்லை. நிரலை மறுபடி ஓட்டினேன். 1,904.

“நம்பர்?” என்றார்.

“நானூத்தி பன்னெண்டு கம்மி சார்.”

“மாஷா அல்லா. அண்ணே, டீ சொல்லட்டுமா?”

இரண்டு டீ குடித்தேன். இரண்டாவதில் சர்க்கரை அதிகம்.

தேன்மொழி பட்டியலில் ஒரு கேள்விப் பத்தி வைத்திருப்பார். அந்த முறை ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார், 611ஆம் வரியில்: “எந்த ஓப்பன்? செய்யச் சொல்வதா, இருப்பதைச் சொல்வதா?” பட்டியலில் அந்தச் சொல் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று நிரல் காட்டும். ஒன்பது இடம் காட்டியது. நான் முதல் இடத்தை மட்டும் திறந்து பார்த்தேன். கோப்பைத் திறக்கும் பொத்தான். ‘பொத்தான்’ என்று பதில் எழுதினேன். அவர் ‘திற’ என்று எழுதினார். எட்டு இடங்களை நான் பார்க்கவில்லை.

இப்போது மறுபடி அந்த முற்றத்துக்கு வருகிறேன்.

டேனரியில் இரண்டு வகைக் கழிவு உண்டு. மயிர் நீக்கும் சுண்ணாம்புக் கழிவு ஒன்று. குரோம் பதனிட்ட அமிலக் கழிவு இன்னொன்று. இரண்டும் தனித்தனிக் குழாயில் தனித்தனித் தொட்டிக்குப் போக வேண்டும். கலந்தால் விஷக் காற்று எழும். முதலில் அழுகிய முட்டை வாசம் வரும். பிறகு வாசம் நின்றுவிடும். நின்றுவிட்டது என்றால் மூக்கு செத்துவிட்டது என்று அர்த்தம்; அடுத்தது ஆள். எங்கள் பக்கத்தில் இது தெரியாத குடும்பம் குறைவு.

அதற்காகத்தான் அந்தத் திரை. சுண்ணாம்புக் குழிக்குப் போகும் பாதையில் குரோம் வால்வு கொஞ்சம் திறந்திருந்தாலும் கட்டம் சிவப்பாகி, ‘ஓப்பன்’ என்று காட்ட வேண்டும். திறந்திருக்கிறது, போய் மூடு என்பது அதன் பொருள். அன்று ஒத்திகை. குழாயில் வெறும் அலசல் தண்ணீரை நிரப்பி, பெருமாளுக்குச் சொல்லாமல் வால்வை இரண்டு சுற்றுத் திறந்து வைத்திருந்தார்கள். திரை எச்சரிக்கிறதா, ஆள் மூடுகிறாரா என்று பார்க்க. திரை சரியாகத்தான் எச்சரித்தது. சொல்தான் என்னுடையது.

மேற்பார்வையாளர் கத்தினார். “யோவ், படிக்கத் தெரியாதா உனக்கு? மூடச் சொன்னா திறக்கறே?”

பெருமாள் சக்கரத்தில் வைத்த கையை எடுக்கவில்லை. “படிச்சேன் சார். படிச்சதுதான் தப்பாப் போச்சு. ‘திற’ன்னு போட்டிருக்குது, திறந்தேன். ஸ்கிரீன் இன்னா சொல்லுதோ அத்த மட்டும் செய், உன் மூளைய யூஸ் பண்ணாதன்னு நேத்து கிளாஸ்ல நீங்கதான சொன்னீங்க?”

“எதிர்த்துப் பேசறியா? ஆபீசுக்கு வா. தப்பு என்னுதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடு.”

பெருமாள் அலுவலக அறைக்கு நடந்தார். பின்னாலேயே நாங்கள். காகிதம் வந்தது, பேனா வந்தது. பத்தொன்பது ஆண்டு வேலை பார்த்தவர் எந்தத் தப்பை எழுதுவது என்று தெரியாமல் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவர்க் கடிகாரத்தில் பதினொரு நிமிடம். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

பிறகு எழுந்து அந்தக் காகிதத்தை வாங்கினேன். “அவர் படிச்சது சரி. எழுதினது தப்பு. எழுதினது நான்” என்று சொல்லி, அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மேற்பார்வையாளர் இரண்டு முறை படித்தார். பெருமாள் என்னிடம், “நீங்க ஏன் சார் பேஜார் பண்ணிக்கிறீங்க?” என்றார். வெளியே வந்த பிறகு மெல்ல, “தண்ணிதான வந்துச்சு? வேற ஒண்ணும் இல்லியே?” என்று கேட்டார். கீழே குழியோரம் இரண்டு பேர் கழிவை வடிகட்டும் வலையை அலசிக்கொண்டிருந்ததை நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் பார்த்தோம். அதில் ஒருவர் அவருடைய மைத்துனர்.

மாலை நான்கு மணிக்கு ஆம்பூர் அலுவலகம். கடிகாரம் மேசைமேல் இருந்தது.

“ஏழுமலை சார். ஒரு வார்த்தை. மாத்துங்க. திங்கக்கிழமை ஆன் பண்றோம்னு நான் வாக்குக் குடுத்திருக்கேன்.”

“மாத்தறேன் சார். ஆனா திங்கக்கிழமை வேணாம்.”

“ஏன்?”

“தெரிஞ்ச தப்பு ஒண்ணு. தெரியாதது எத்தனைன்னு தெரியல. நான் சேத்த சொல் நூத்தி அம்பத்தெட்டு, அதெல்லாம் அஞ்ஞூத்தி எழுபது இடத்துல வருது. ஒவ்வொண்ணா பாக்கணும்.”

“ஒத்திகைல மாட்டினது ஒண்ணுதானே?”

“ஒத்திகைல பார்த்தது ஒண்ணுதான் சார்.”

பக்கங்கள் வெளியே போக என் சரிபார்ப்புக் கையெழுத்து வேண்டும். அது எங்கள் அலுவலக வழக்கம்; அவரே கொண்டுவந்தது. தாளை என் பக்கம் தள்ளினார். நான் திருப்பித் தள்ளினேன். பதினோரு ஆண்டில் நான் செய்த ஒரே மரியாதைக் குறைவு அது.

“அப்ப நானே போட்டுடறேன்.”

“போடுங்க சார். மேலே ‘412’ன்னு எழுதிட்டுப் போடுங்க. அந்த நம்பருக்குத்தான் நீங்க எனக்கு டீ வாங்கிக் குடுத்தீங்க.”

அவர் ஏலக்காயை எடுத்தார். உரித்தார். விதைகளை வாயில் போடாமல் தாளின் மேல் வைத்தார்.

“நாலு நாள். உங்க லீவுல. புதுசா வரி சேர்ந்தா ஆபீஸ் ஒரு பைசா தராது. திங்கக்கிழமை காலைல மறுபடி ஒத்திகை. நானே வருவேன். தோத்தா நான் ஒண்ணும் பேச மாட்டேன், கிளையன்ட் பேசுவான்.”

ஐந்நூற்று எழுபதை நான்கால் வகுத்தேன். மூன்று நாள் நூற்று நாற்பத்திரண்டு, கடைசி நாள் நூற்று நாற்பத்து நான்கு.

வியாழன் முழுவதும் அலுவலகக் கணினியில் பார்த்தேன். மாலைக்குள் ஒரு சிக்கல் புரிந்தது. பல சொற்களில் எனக்கே தெரியவில்லை, அது கட்டளையா, நிலையா என்று. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே உடை. தொட்டி ‘எம்ப்டி’ என்றால் காலியாக இருக்கிறது. பொத்தான் ‘எம்ப்டி’ என்றால் காலி செய். தமிழில் வினைமுற்று வந்தே தீரும், ஒளிய முடியாது. அந்தத் திரை முன்னால் நிற்கும் ஆளைக் கேட்காமல் முடிவு செய்ய முடியாது.

வெள்ளிக்கிழமை ராணிப்பேட்டை போனேன். பேருந்து முப்பத்தைந்து நிமிடம் தாமதம். பெருமாளின் சாப்பாட்டு நேரத்தில், முற்றத்தில் நிற்கும் திரை ஒவ்வொன்றின் முன்னும் அவரை நிறுத்தி, தேன்மொழி எழுதியிருந்த தமிழைக் காட்டினேன். என்ன பொருள் என்று கேட்கவில்லை. பொருள் கேட்டால் எல்லோரும் சரியாகச் சொல்லிவிடுவார்கள். “இதைப் பார்த்தா இன்னா செய்வீங்க?” என்று கேட்டேன். அவர் கை நகர்ந்தால் கட்டளை. தலை அசைந்தால் நிலை. கை நகரக் கூடாத இடத்தில் நகர்ந்தால் காகிதத்தில் ஒரு கோடு.

‘காலி செய்’ என்ற இடத்தில் அவர் கை அடிவால்வுக்குப் போனது. அது காலியாக இருக்கும் தொட்டியின் நிலை காட்டும் கட்டம். கோடு. ‘பூட்டு’ என்ற இடத்தில் இடுப்பில் சாவியைத் தேடினார். அது ஏற்கெனவே பூட்டியிருக்கிறது என்பதற்கான குறி. கோடு.

“இந்த ஸ்கிரீன் என் சம்சாரம் மாதிரியே பேசுது சார்” என்றார். “‘தண்ணி இல்ல’ன்னா, இல்லன்னு சேதி சொல்றாளா, போய் புடிச்சாரச் சொல்றாளான்னு எனக்கு இருவது வருஷமாத் தெரியல.”

“தெரியலன்னா இன்னா செய்வீங்க?”

“குடத்தத் தூக்கிடுவேன். அதான் சேஃப்டி.”

அங்கே மட்டும் ஆறு கோடு விழுந்தது. ஆறும் தொட்டி முற்றத்துத் திரைகளில்.

சனியும் ஞாயிறும் குடியாத்தம். தேன்மொழியின் வீட்டுக்கு அடுத்த சுவரில் எட்டு விசைத்தறிகள். மின்சாரம் இருக்கும்வரை லுங்கி ஓடிக்கொண்டிருக்கும். நாம் பேசுவது நமக்கே கேட்காது. எனக்குத் தலைவலி, இரண்டு மாத்திரை. ஒவ்வொரு இடமாக நான் காட்ட, அவர் தமிழை எழுதிக் காட்டுவார்.

“சார், வாயால சொல்லாதீங்க” என்று கத்தினார். “நீங்க ‘மூடு’ன்னா எனக்குப் ‘போடு’ன்னு கேக்குது. மறுபடி ஒரு கேஸ் ஆய்டப் போகுது!”

611ஆம் வரி வந்தபோது அவர் சிரிக்கவில்லை. தன் கேள்வியையும் என் பதிலையும் ஒருமுறை படித்தார். நானும் படித்தேன். தறி ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிறு மாலை ஐந்தரைக்கு ஐந்நூற்று எழுபதாவது இடத்தை முடித்தோம். முப்பத்தேழு சொற்கள் தவறாகச் சேர்ந்திருந்தன. முப்பத்தொன்றுக்கு இன்னொரு வரி போதும். ஐந்துக்கு இரண்டு வரி வேண்டும். ‘ஓப்பன்’ ஒன்றுக்கு மட்டும் மூன்று. ஆக நாற்பத்து நான்கு புதிய வரிகள். மீதி முந்நூற்று அறுபத்தெட்டு வரிகளை நான் நீக்கியதில் பிழை இல்லை. அந்தச் செய்தியால் எனக்கு ஒரு ஆறுதலும் வரவில்லை.

திங்கள் காலை பத்து மணி, நல்ல வெயில். குழாயில் அலசல் தண்ணீர். யாரோ வால்வை முன்கூட்டியே திறந்து வைத்திருந்தார்கள்; எத்தனை சுற்று என்று என்னிடமும் சொல்லவில்லை. இம்தியாஸ் சார் கைகட்டி நின்றார். பெருமாள் வந்தார். கட்டம் சிவப்பாக மின்னியது. உதடு அசைந்தது.

“திறந்திருக்கிறது” என்று உரக்கப் படித்தார். “எவன்டா திறந்து வெச்சவன்?” என்று குழிப் பக்கம் பார்த்து ஒரு அதட்டல் போட்டுவிட்டு, சக்கரத்தை வலப்பக்கம் சுற்றினார். நின்றது. கட்டம் பச்சையானது.

“நம்பர்?” என்றார் இம்தியாஸ் சார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“மூணு சுத்து சார்.”

அவர் தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். ராணிப்பேட்டையிலிருந்து திரும்பும்போது அவர் காரில் ஆற்காட்டைத் தாண்டினோம். பிறகு, “அண்ணே, வழியில டீ குடிப்பமா?” என்றார். சர்க்கரை வேண்டாம் என்றேன்.

ஆகவே, ரேஷ்மா, அந்த நான்கு வரிகள் இவை. கோப்பைத் திறக்கும் பொத்தானில் ‘திற’. வால்வில் ‘திறந்திருக்கிறது’. புகார்ப் பட்டியலில் ‘தீராதது’. ஷிப்ட் அட்டவணையில் ‘ஆள் தேவை’. உங்கள் டூல் நான்கையும் டூப்ளிகேட் என்று காட்டும். ஆங்கிலத்தைப் பார்த்தால் டூப்ளிகேட்தான். நான்கு நிமிடத்தில் முடித்துவிட்டதல்லவா, மிச்சமிருக்கும் நேரத்தில் ராணிப்பேட்டைக்குப் பேருந்து ஏறுங்கள். பெருமாள் இன்னும் அங்கேதான் இருக்கிறார். பொருள் கேட்காதீர்கள். கையைப் பாருங்கள். நாற்காலி விஷயமாக ஒன்பதாவது மனுவை நான் எழுதி இதோடு வைத்திருக்கிறேன்; கையெழுத்து மட்டும் நீங்கள் போட்டால் போதும்.

செலவைச் சொல்லி முடிக்கிறேன். லீவு என் கணக்கில் மிச்சமிருந்தது, சம்பளம் பிடிக்கவில்லை. பேருந்துச் சீட்டுகளை ஒட்டிக் கொடுத்தேன்; இம்தியாஸ் சார் அனுமதித்தார். புது வரிகளுக்கு மட்டும் சொன்ன சொல் மாறவில்லை, அலுவலகம் தரவில்லை. நாற்பத்து நான்கு வரி, வரிக்கு எட்டு, முந்நூற்று ஐம்பத்திரண்டு ரூபாயைத் தேன்மொழியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் எண்ணினார். பெட்டியைத் திறந்து நான்கு ரூபாயைச் சில்லறையாக எடுத்து என் முன்னால் வைத்தார்.

“இது எதுக்கு?”

“அந்த வால்வு வரிக்கு சார். ஒழுங்கா கேட்டேன். நீங்க ஒத்த வார்த்தைல பதில் போட்டதும் விட்டுட்டேன். இன்னொரு வாட்டி கேட்டிருக்கணும். பாதித் தப்பு என்னுது.”

வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன். தறிச் சத்தத்தில் அவர் காதில் விழவில்லை, அல்லது விழாத மாதிரி இருந்தார். சில்லறையை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்தேன்.

எனக்கு ஆன செலவு, முந்நூற்று நாற்பத்தெட்டு ரூபாய்.